கவலைக்கு அரை மணி நேரம்

ஜூன் 3

கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனேன். சொத்தை எதுவும் இல்லையாம். கையில் கண்ணாடியைக் கொடுத்து, பின்பக்கப் பற்கள் மேலே தேய்ந்திருப்பதைக் காட்டினார். "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?" தெரியவில்லை என்றேன். தாடை, கழுத்து, தோள் என்று அழுத்திக்கொண்டே வந்தார், எல்லாம் கல் மாதிரி இருந்தது. "எதையாவது யோசிச்சுக்கிட்டே இருப்பீங்களோ?" யார்தான் யோசிக்காமல் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் கவனித்தேன், வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஜூன் 5

2.50க்கு முழிப்பு. கேஸ் மூடினேனா? எழுந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஜூன் 9

அம்மா சாயங்காலம் 4.10க்குப் போனை எடுக்கவில்லை. 4.15க்கும் எடுக்கவில்லை. கும்பகோணத்து வீட்டில் பாத்ரூம் தரை வழுக்கும், போன வருஷமே மாற்றச் சொன்னேன், அண்ணன் மஸ்கட்டிலிருந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான், இப்போது விழுந்து கிடந்தால் யார் கதவைத் திறப்பது, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறதா இல்லையா, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இருக்கிறார்களா, இங்கிருந்து பஸ் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன், 19 வயசு மகள் பாப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அம்மாவின் சாவு வரைக்கும் போய்விட்டு வந்தேன். 17 தடவை கூப்பிட்டிருக்கிறேன். 5 மணிக்கு எடுத்து, "கோயிலுக்குப் போயிருந்தேன்டி, போனை வீட்டிலேயே வெச்சுட்டேன்" என்றாள்.

நிம்மதியாக இருந்தது. காபியைக் கலந்து எடுத்து வந்து உட்காருவதற்குள் அடுத்தது. பாப்பாவின் பஸ் இன்னும் வரவில்லை. ஒரு கவலை காலி செய்துகொண்டு போனால் அடுத்தது அன்றைக்கே குடிவந்துவிடுகிறது. வீடு மட்டும் ஒருநாளும் காலியாக இருப்பதில்லை.

ஜூன் 14

ஈசிஜி நார்மல். தைராய்டு நார்மல். சுகர், ரத்த அளவு எல்லாமே சரியாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள் டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன், அப்படியென்றால் இந்தப் படபடப்பும் அசதியும் எங்கிருந்து வருகிறது?

அவர் ஒரு தாளைக் கொடுத்தார். 7 கேள்விகள், கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். கவலையை நிறுத்தவோ அடக்கவோ முடியாமல் இருக்கிறதா, எரிச்சல் வருகிறதா, ஏதோ மோசமாக நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறதா... கடைசிக் கேள்விக்கு 3 போடும்போது கை நடுங்கியது. மொத்தம் 21க்கு எனக்கு 16. 10 வந்தாலே கவனிக்க வேண்டும், 15ஐத் தொட்டால் கடுமை என்றார். தாள் மட்டும் முடிவு சொல்லாது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னார். பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாமாம், அதாவது இதற்கென்று இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஓயாமல் கவலைப்படும் நோய்.

"6 மாசமாவது இருக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

ஜூன் 15

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 19

சொன்னேன். கூடவே வந்தார். மனநல டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். தூக்கம், மாதவிலக்கு, வேறு மாத்திரைகள், காபி எத்தனை (5), சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா (இல்லை), எல்லாம் கேட்டார். பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை எஸ்சிடாலோபிராம் 5 மி.கி. ஒரு வாரம், அப்புறம் 10. இரவுக்கு குளோனாசிபாம் 0.25, அது 10 நாளைக்கு மட்டும்தான், பழக்கமாகிவிடும் என்பதால் அதற்கு மேல் தரமாட்டாராம். எஸ்சிடாலோபிராம் வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகும், ஆரம்பத்தில் குமட்டும், படபடப்பு கூடினாலும் கூடும், பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், எனக்குப் போன் பண்ணுங்கள் என்றார். குணமானபின்பும் பல மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இதெல்லாம் எனக்கு எழுதிக் கொடுத்தது, இன்னொருவர் பார்த்துவிட்டு வாங்கிப் போடக் கூடாது.

ஜூன் 21

குமட்டல். மோர் மட்டும் குடித்தேன். மாத்திரை அட்டையோடு வந்த தாளை 4 முறை படித்துவிட்டேன்.

ஜூன் 22

நேற்றைவிட மோசம். மாத்திரைதான் என்னைக் கெடுக்கிறதோ என்று காலை 3 மணியிலிருந்து. விடிந்ததும் டாக்டரைக் கூப்பிட்டேன், இது எதிர்பார்த்ததுதான், சாப்பிட்டபின் போடுங்கள், 4 நாள் பொறுங்கள் என்றார். கேஸ் மூடியிருக்கிறது.

ஜூன் 27

இன்று கவுன்சலிங். சின்னப் பெண், பாப்பாவைவிட 7, 8 வயசுதான் கூட இருக்கும். சாயங்காலம் 5.30 முதல் 6 வரை கவலைக்கான நேரம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். மற்ற நேரத்தில் வந்தால் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். 5.30க்கு அதை எடுத்து, இதற்கு நான் இப்போது ஏதாவது செய்ய முடியுமா, இல்லை என்ன ஆகுமோ ஏது ஆகுமோ வகையா என்று பிரிக்க வேண்டும். பாத்ரூம் தரை முதல் வகை, கொத்தனாரைக் கூப்பிட்டால் முடிந்தது. பாப்பாவின் பஸ் இரண்டாவது வகை.

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரே போன். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடக் கூடாது, அம்மாவே கூப்பிடும்வரை. ஒவ்வொரு முறை சரிபார்க்கும்போதும் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது, ஆனால் சரிபார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மனசு கற்றுக்கொள்கிறது என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து ஒன்று குடைகிறது. நான் கவலைப்படுவதால்தான் இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பொறுப்பான பெண் என்பார்கள். கவலைப்படுவதை விட்டால் நான் பொறுப்பில்லாதவளா? அந்த நேரம் பார்த்து ஏதாவது நடந்துவிட்டால்?

ஜூலை 2

கேஸ், 3 தடவை. எழுதியாகிவிட்டது.

ஜூலை 7

கொத்தனார் அம்மா வீட்டுத் தரையை முடித்துவிட்டார்.

ஜூலை 11

"எல்லாருக்கும்தான் கவலை இருக்கு, அதுக்கெல்லாம் மாத்திரையா?" என்று நாத்தனார் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அப்போது பதில் வரவில்லை, இப்போது எழுதுகிறேன். உனக்குப் பரீட்சைக்கு முன்னால் வரும், முடிந்ததும் போய்விடும். எனக்குப் பரீட்சை முடிவதே இல்லை. உன் கவலைக்கு ஒரு காரணம் இருக்கும், என்னிடம் கவலை முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு அப்புறம் காரணத்தைத் தேடுகிறது. பாப்பா கதை சொல்லும்போது பாதியில் காதை மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிடும், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஒரு வார்த்தை ஏறாது. அவளுடைய 19 வருஷத்தில் எத்தனை கதை அப்படிப் போயிற்றோ. அதற்குத்தான் மாத்திரை.

ஜூலை 16

6 மணி நேரம் ஒரே தூக்கம்!

ஜூலை 24

பாப்பா பஸ் பழுதாகி 50 நிமிஷம் தாமதம். 2 தடவை கூப்பிட்டேன். 17 இல்லை. தாடை இறுகியது தெரிந்தது, தெரிந்ததும் தளர்த்தினேன். கையை முறுக்கிப் பிடித்து விடுவது, தோளைத் தூக்கிப் பிடித்து விடுவது என்று கவுன்சலிங் பெண் சொல்லிக்கொடுத்ததை வாசற்படியில் உட்கார்ந்தே செய்தேன்.

ஜூலை 30

அதே 7 கேள்விகள். இப்போது 9. டாக்டர் 10 மி.கி.யே தொடரட்டும் என்றார். நான் இன்னும் குறைந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 1

ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகலாம் என்கிறாள் பாப்பா. வருஷா வருஷம் நான்தான் வேண்டாம் என்பேன். ஆற்றில் தண்ணீர் நிறைய, கூட்டம், படி வழுக்கும், கை நழுவிவிட்டால்... 5.30க்கு என்று எழுதிவைத்தேன். 5.30க்குப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகையுமே இருந்தது. சீக்கிரம் போகலாம், மேல்படியிலேயே நிற்கலாம், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. மீதி என் கையில் இல்லை.

ஆகஸ்ட் 3

காலை 5.10. காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் பையில். கேஸை ஒரு தடவைதான் பார்த்தேன். அம்மாவிடம் சாயங்காலம் பேசிக்கொள்ளலாம். வயிறு கலங்கத்தான் செய்கிறது. பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள்