சைலண்ட் வேலி: எங்கள் குழாய்த் தண்ணீர் கடந்து வரும் காடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவுக்கு நாங்கள் நாலு பேர் போய் வந்தோம். முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். ஆனைகட்டியில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற எங்களிடம், பூங்காவுக்கு நுழைவாயிலான முக்காலி என்ற ஊர் வரை போக ஒரு ஆட்டோக்காரர் 1,800 ரூபாய் கேட்டார். பேசிப் பேசி 1,500க்கு ஏறினோம். பாதி வழியிலேயே அடுத்த பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது! அதில் நாலு பேருக்கும் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகியிருக்காது. தயவுசெய்து அரை மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்து பஸ்ஸிலேயே போங்கள்.

முக்காலியில் நுழைவுச் சீட்டு, ஜீப், வழிகாட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு பெரிய தொகை. நாலு பேராகப் போனால் தாங்கும், தனியாகப் போனால் கடிக்கும். ஆனால் இந்தப் பணத்தை மறுபடி கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

வழிகாட்டியாக வந்த அண்ணன் பக்கத்து ஊர் இருளர். அவர் பேச்சு எங்களுக்கு முக்கால்வாசி புரிந்தது. காட்டுக்குள் ஜீப் போய் நிற்கும் இடமான சைரந்திரிக்கு 23 கிலோமீட்டர், குலுக்கி எடுக்கும் பாதை. நடுவில் சட்டென்று ஜீப்பை நிறுத்தச் சொல்லி மேலே கை காட்டினார். வெடிப்பலா மரத்தில் சிங்கவால் குரங்குகள். கறுத்த முகம், சுற்றிலும் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி ஒரு தாய் காயைப் பிளந்து கொட்டையைத் தின்றுவிட்டுத் தோட்டைக் கீழே போட்டது. அண்ணன் அதை எடுத்து என் கையில் வைத்தார். குட்டி டுரியன் மாதிரி உடம்பெல்லாம் முள். "இந்த மரம் இல்லேன்னா இதுக இல்லெ" என்றார். பூவையும் தின்னும், காயையும் தின்னும். தோட்டை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

சைரந்திரியில் காவல் கோபுரம் ஏறினால் கீழே குந்திப்புழை ஆறு. இங்கேதான் அணை கட்டப் பார்த்தார்கள். முதல் கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம். 1973இல் திட்டக் குழுவும் சரி சொல்லிவிட்டது. அப்புறம் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்துக்காரர்கள், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் தேசியப் பூங்கா ஆனது. மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு உண்டு, குரங்குக்கு என்ன கணக்கு என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியே தப்பு என்பேன். அந்தத் தாய்க்கும் குட்டிக்கும் விலை போட நமக்கு யார் உரிமை கொடுத்தது? மரத்தைக் கன அடியில் அளந்து விற்கலாம். அதன் அடியில் மக்கிக் கிடக்கும் சருகு மழையைப் பிடித்து வைத்து, மழை விட்ட பிறகும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறதே, அதை எந்தச் சந்தையில் வாங்குவது?

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் இருக்கிறது. நீலகிரியில் பிறக்கும் பவானி இந்தக் காட்டின் ஓரமாக இறங்கி, முக்காலியில் கிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. பில்லூர் அணையில் எடுத்து கோவைக்குக் குடிக்க அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அதுதான். மிச்சம் பவானிசாகர் அணைக்குப் போய், கீழ்பவானி வாய்க்காலில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மாசாமாசம் குடிதண்ணீர் வரி கட்டுகிறேன், அதில் இந்தக் காட்டுக்கு என்று ஒரு வரிகூட இல்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. முக்காலியில் ஒரு சின்னக் கடை. மட்டை அரிசிச் சோறு, மோர்க்கறி, வாழையிலையில் ஆவி பறக்கும் கப்பை (மரவள்ளிக் கிழங்கு), பக்கத்தில் காந்தாரி மிளகாய்ச் சட்னி. கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றோம். ஆட்டோவில் விட்ட காசுக்கு அங்கே நாலு பேரும் நாலு நாள் சாப்பிட்டிருக்கலாம்.

நேரம் சொல்ல மறந்துவிட்டேன். காலையிலேயே முக்காலியில் இருங்கள், தாமதித்தால் ஜீப் கிடைக்காது. திரும்பும்போது பஸ்தான் ஏறினோம். அடுத்த முறை அப்பாவைக் கூட்டிப் போகப் போகிறேன். நாற்பது வருஷம் கீழ்பவானி வாய்க்காலில் மடை திறந்து நெல் போட்டவர். முக்காலிப் பாலத்தில் அவரை நிற்க வைத்து, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும்.