எங்க ரோடு இல்லீங்க

ஒருவழியாக மாவு மில் வளைவில் தார் போட்டுவிட்டார்கள். கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வேறு ஊர்க்காரர் யாருக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும்.

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காக மெயின் ரோட்டைக் குறுக்கே வெட்டிக் குழாய் பதித்தார்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் மழையிலேயே மண் உள்ளே இறங்கியது. ஐப்பசியில் தண்ணீர் நின்றதும் பள்ளம் இருப்பதே வண்டியில் வருபவருக்குத் தெரியவில்லை. பிள்ளையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா விழுந்த அன்று, மில்காரர் ஒரு வேப்பங்கிளையை ஒடித்து, சிவப்புத் துணி கட்டி நட்டு வைத்தார். பல வாரங்களுக்கு அது ஒன்றுதான் அங்கே நடந்த சாலைப் பராமரிப்பு.

பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எழுத்தர் சாலைப் பெயரைப் பார்த்ததுமே தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். "எங்க ரோடு இல்லீங்க. ஹைவேஸ் ரோடு." நீங்களே அவர்களுக்கு அனுப்பக் கூடாதா என்றால், "நேர்ல போய்க் குடுங்க சார், சீக்கிரம் ஆகும்" என்றார். சாலை யாருடையது என்பதில் அவர் சொன்னது சரிதான். ஊருக்கு நடுவில் ஓடினாலும் மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை மூன்றும் நெடுஞ்சாலைத்துறை வசம்தான். உள்ளே பிரியும் தெருக்கள்தான் பேரூராட்சிக்கு. கிலோமீட்டர் கல்லின் தலையில் பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, அதற்கு உதவி எண் 1033. கல்லே இல்லாவிட்டால் சாலைப் பணியாளர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், நொடியில் சொல்லிவிடுவார்.

நெடுஞ்சாலைத்துறையின் 'நம்ம சாலை' செயலி 2023 நவம்பரில் வந்தது. மாநில நெடுஞ்சாலைப் பள்ளத்தை 24 மணி நேரத்திலும் மாவட்டச் சாலைப் பள்ளத்தை 72 மணி நேரத்திலும் மூடுவோம் என்று அப்போது அறிவித்தார்கள். பள்ளத்தின் பக்கத்தில் நின்றே படம் எடுத்து அனுப்பினேன், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வந்தது ஆளிடமிருந்து. சம்பந்தப்பட்ட பிரிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "அது பள்ளம் இல்ல சார், குழாய் வெட்டு. வெட்டினவங்கதான் மூடணும்" என்றார். குழாய் போட்ட ஒப்பந்ததாரரின் ஆள், "பணம் கட்டியாச்சு, ஹைவேஸ்தான் போடணும்" என்றார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதனால் சண்டை போடவும் வழியில்லை.

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-ல் புகார் பதிவு செய்தேன். சில நாளில் ஒரு லாரி கிராவல் கொட்டினார்கள். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, பணி முடிந்தது என்று மனுவை மூடிவிட்டார்கள். அடுத்த மழையில் கிராவல் முழுக்க மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. மில்காரர் என்னைத்தான் திட்டினார்!

இங்கே கைகொடுத்தது ஒரு சின்ன விஷயம். ஆரம்பத்திலிருந்தே மில் போர்டு தெரியும்படி ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைத்திருந்தேன். வெறும் குழியின் படத்தைக் காட்டினால் அது எந்தக் குழி என்று கேட்பார்கள். போர்டு தெரிந்தால் வாயடைத்துவிடும். அந்தப் படங்களோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். பழைய மனு எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள். சாக்கடை, தெருவிளக்கு என்று அதே மனுவில் எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தெருவிளக்குக்குப் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள்.

காரியத்தை முடித்தது தகவல் உரிமைச் சட்ட மனு. பள்ளத்தை ஏன் மூடவில்லை என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று திருப்பிவிடுவார்கள். நான் கேட்டது ஆவண நகல்கள் மட்டும்: சாலையை வெட்டக் கொடுத்த அனுமதிக் கடிதம், சீரமைப்புக்காகக் கட்டிய தொகையின் ரசீது, வேலையை யார் செய்ய வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் செல்லாது, பலர் அதை ஒட்டிவிட்டு மனு திரும்பி வந்ததும் முழிக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். மதியத்துக்கு மேல் போனால் அவர் இருக்க மாட்டார், எனக்கு ஒரு நாள் அப்படித்தான் வீணானது. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். "எங்க ரோடு இல்லீங்க" என்று இதில் கைகழுவ முடியாது.

முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் ரசீது நகல் வந்தது. தொகை எப்போதோ கட்டப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகம் போனேன். உதவிப் பொறியாளர் இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "மழை விடட்டும், போட்டுடலாம்" என்றார். முன்பு இதே வார்த்தையைக் கேட்டால் எரிச்சல் வந்திருக்கும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. ஈரத்தின் மேல் தார் ஒட்டாது. அதுவரைக்குமாவது ஜல்லிக் கலவை போட்டு இறுக்கச் சொன்னேன், செய்தார்கள்.

தை பிறந்ததும் ஆட்கள் வந்தார்கள். உடைந்த ஓரங்களைச் சதுரமாக வெட்டி, மண்ணைக் கூட்டித் தள்ளி, அடியில் தார் தெளித்து, கலவை கொட்டி ரோலர் ஓட்டினார்கள். கூட்டாமல் கொட்டினால் நிறுத்தச் சொல்லலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். தேவைப்படவில்லை. மில்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சாலை ஓரத்தில் வடிகால் தூர்ந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் தண்ணீர் மறுபடி வளைவில்தான் நிற்கும். விசாரித்துவிட்டேன், வடிகால் பேரூராட்சியுடையது. திங்கட்கிழமை அதே எழுத்தரிடம் போகிறேன்.