கத்திரி வெயிலும் காசிமேட்டுப் பருந்துகளும்

மே 6

காலை பத்தரை மணிக்குத்தான் காசிமேட்டுப் பருந்துகள் இறக்கையை அடிக்காமல் ஏறத் தொடங்கின. வெயில் என்னவோ ஏழு மணிக்கே சுள்ளென்று இருந்தது. ஆனால் வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. முதலில் தரை காய வேண்டும். தரை தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்க வேண்டும். அந்தக் காற்று அக்கம்பக்கத்துக் காற்றைவிட லேசாகிக் கிளம்ப வேண்டும். கிளைடர் ஓட்டுபவர்கள் தெர்மல் என்று சொல்வது இதைத்தான். என்ஜின் இல்லாத விமானம் மணிக்கணக்கில் மேலே நிற்பது பெரும்பாலும் இதை நம்பித்தான்.

எவ்வளவு சூடு என்பதைவிட, பக்கத்து இடத்தோடு எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டும் எண்ணூர்க் கழிமுகமும் ஒரே வெயிலில்தான் காய்கின்றன. தார்த்தரை சீக்கிரம் கொதித்துவிடும், தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். காற்று யார்டு பக்கம்தான் கிளம்பும்.

மே 11

அக்கா மகன் மொட்டைமாடிக்கு வந்தான். "மாமா, அது இன்னா அதே எடத்துலயே சுத்திக்கினு கீது?" என்று கேட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தெர்மலின் அகலம் குறைவு. நேராகப் போனால் சில நொடிகளில் வெளியே வந்துவிடுவோம், அதனால் உள்ளேயே வட்டமடிக்க வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 40 டிகிரி சாய்ந்து திரும்பும் கிளைடருக்கு வட்டத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். ஒரு சுற்றுக்கு 20 நொடி போல ஆகும். அதே சாய்வில் வேகம் பாதியானால் ஆரம் கால்பங்காகிவிடும். பருந்து மெதுவாகப் பறப்பதால்தான் தாழ்வாக இருக்கும் ஒல்லியான தெர்மலில்கூட ஏறிவிடுகிறது. கிளைடருக்கு அது உதவாது.

ஒரு பக்கத்து இறக்கையைக் காற்று தூக்கினால், தெர்மல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று பொருள். அங்கேதான் திரும்ப வேண்டும். ஏறும் வேகத்தைக் காட்ட வேரியோமீட்டர் இருக்கிறது. ஆனால் அதன் முள் கொஞ்சம் தாமதித்துத்தான் நகரும், இருக்கை முதுகைத் தூக்குவது அதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடும். உடம்பை நம்பப் பழகுவதுதான் இந்தக் கலையில் ஆக அழகான பகுதி என்று நினைக்கிறேன்.

மே 14

பகல் ஒரு மணிக்குள் கடல்காற்று வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பருந்துகளும் தாழ்ந்துவிட்டன.

மேலே ஏறும் உலர்ந்த காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 டிகிரி குளிரும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரைதான் அது ஏறும். கடல்காற்று வந்ததும் கீழே குளிர்ந்த அடுக்கு, மேலே பழைய சூடான காற்று என்று நிலைமை மாறிவிடுகிறது. தரையில் கிளம்புவது சீக்கிரமே நின்றுபோகிறது.

மேகத்தையும் இதே கணக்கில் பார்க்கலாம். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் திரள்மேகத்தின் அடித்தளம் தோராயமாக மீட்டரில் கிடைக்கும். 38-ம் 24-ம் என்றால் 1,750 மீட்டர். கடல்காற்றில் 33-ம் 26-ம் ஆகிவிட்டால் வெறும் 875 மீட்டர்.

கீழ்வீட்டு அண்ணனுக்கு மீன்பிடித் தடைக்காலம், வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். "மேலக்காத்து புடிச்சிக்கினா கடல்காத்து லேட்டாத்தான் வரும் தம்பி" என்றார். மேற்கிலிருந்து வீசும் காற்றைத்தான் அப்படிச் சொல்கிறார். ரொம்பச் சரி. 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டதுபோன்ற நாட்களும் கடல்காற்று தடைபடும்போதுதான் வருகின்றன.

மே 15

அண்ணன் சொன்ன மேலக்காற்று. பருந்துகளின் வட்டம் சுற்றுக்குச் சுற்று கடல் பக்கம் நகர்ந்தது. தெர்மலே காற்றோடு நகர்வதால், கிளைடரும் ஏற ஏறத் தள்ளிப்போகும். திரும்பி வர எதிர்காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மே 23

புழல் ஏரிக்கரை. தண்ணீருக்கு மேல் ஒரு பருந்துகூட வட்டமடிக்கவில்லை, எல்லாம் கரையோரச் சாலைக்கு மேலேதான்.

ஏறும் காற்றுக்கு ஈடாக எங்காவது காற்று இறங்கியே ஆக வேண்டும். புதியவர்கள் இதைத்தான் குறைத்து மதிப்பிடுவார்கள். அமைதியான காற்றில் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் போகும் கிளைடர், மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது நொடிக்கு 0.7 மீட்டர்தான் இறங்கும். காற்றே நொடிக்கு 2 மீட்டர் இறங்கினால் அந்த 40 கிலோமீட்டர் 10 ஆகிவிடும். அங்கே தயங்காமல் வேகத்தைக் கூட்டிக் கடந்துவிட வேண்டும், ஏறுகாற்றில் குறைக்க வேண்டும். இதைக் கணக்காக வகுத்துத் தந்தவர் பால் மெக்கிரெடி. 1956-இல் கிளைடிங் உலகச் சாம்பியன் ஆனவர்.

ஜூன் 2

மாலை நான்கு மணி. மேற்கே, ஆவடிக்கு அப்பால் இருக்கலாம், வடக்கு தெற்காக ஒரே வரிசையில் மேகங்கள். நம் தலைக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

கடல்காற்று உள்ளே போகப்போக, சூடான நிலக்காற்றின் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. அந்த எல்லைக்கோடு முழுக்க ஏறுகாற்று. கிளைடர் அங்கே வட்டமடிக்கவே வேண்டாம், கோட்டோடு நேராகப் பறந்துகொண்டே உயரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஈரமும் மேலக்காற்றும் சேர்ந்தால் அதே கோட்டில் இடிமழை பிறக்கும். அப்போது விலகிவிடுவதுதான் புத்தி.

கோட்டுக்குக் கடல் பக்கம் மாட்டிக்கொண்டால் ஏற எதுவும் கிடைக்காது. அதனால் சென்னையில் கிளைடர் பறக்க வேண்டுமென்றால், கிளம்பும் திடலும் இறங்கும் திடலும் கடலிலிருந்து நன்றாக விலகி, ஸ்ரீபெரும்புதூருக்கும் மேற்கே இருப்பதுதான் சரி.