மாத்திரைய சோத்துக்கு நடுவுல போடுங்க

எங்க வீட்டுக்காரருக்கு கணையத்துல பிரச்சனைன்னு யாருகிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி ரெடியா இருக்கும், "தண்ணி போடுவாரா?" அவரு டீயத் தவிர எதையும் தொட்டதில்லீங்க. குடி ஒரு பெரிய காரணம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா நம்ம பக்கம், முக்கியமா கேரளாலயும் தமிழ்நாட்டுலயும், குடிக்காதவங்களுக்கே சின்ன வயசுலயே கணையத்துல கல்லு கல்லா சேர்ந்து கூடவே சுகரும் வர்ற வகை ஒண்ணு ரொம்ப காலமா இருக்கு, ட்ராபிக்கல் பேன்க்ரியாடைட்டிஸ்னு சொல்லுவாங்க. மரவள்ளிக்கிழங்கு தின்னா வருதுன்னு ஒரு காலத்துல பேசுனாங்க, அது நிரூபணம் ஆகல. ஸ்பிங்க்1னு ஒரு ஜீன்ல இருக்கற மாற்றத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு பின்னாடி தெரிய வந்துச்சு. காரணமே தெரியாதவங்களும் நிறைய பேரு. அதனால சொந்தக்காரங்க தயவுசெஞ்சு அந்தக் கேள்விய கல்யாண வீட்ல வச்சு கேக்காதீங்க.

சரி, நான் எழுத வந்தது அத இல்ல, கணையம் கெட்டவங்களுக்கு சோறு செரிக்கறதுக்குன்னு குடுக்கற என்சைம் மாத்திரைய பத்தி. வேலூர்ல ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்திருக்கும்போது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேச்சு குடுத்தா, அசாம்லருந்து வந்தவங்களா இருந்தாலும் சரி ஆரணிலருந்து வந்தவங்களா இருந்தாலும் சரி, அதே விலை ஒசந்த மாத்திரைய சாப்பிடறாங்க, அதுல பாதி பேருக்கு அத எப்ப போடணும்னு யாரும் உக்காந்து சொல்லல. சீட்டுல 1-1-1ன்னு எழுதியிருக்கும், அவ்ளோதான். பாவம், ஓபி கூட்டத்துல டாக்டரயும் குத்தம் சொல்ல முடியாது.

கணையம் ரெண்டு வேலை பாக்குது. ஒண்ணு இன்சுலின், அது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு நாம சாப்பிடற சோத்த கரைக்கற நீர குடல்ல ஊத்தறது. அதுல கொழுப்புக்கு லைப்பேஸ், மாவுக்கு அமிலேஸ், புரதத்துக்கு ட்ரிப்சின் மாதிரி சிலது, இதுங்களத்தான் என்சைம்னு சொல்றாங்க. இதுல மொதல்ல படுக்கறது லைப்பேஸ்தான். அமிலேஸ் எச்சில்லயும் கொஞ்சம் இருக்கு, புரதத்துக்கு வயித்துலயே ஓரளவு வேலை நடக்குது, கொழுப்புக்கு மட்டும் கணையத்த விட்டா பெருசா வழி இல்ல. ஆனா கணையத்துக்கு கையிருப்பு ஜாஸ்தி, லைப்பேஸ் சாதாரண அளவுல பத்து சதவீதத்துக்கு கீழ போனாதான் கொழுப்பு செரிக்காம வெளிய வர ஆரம்பிக்கும். அதனால பல வருஷம் வலியோட மட்டும் ஓடும், ஒண்ணும் தெரியாது. சிலருக்கு அந்த நேரத்துல வலி கொறைஞ்சு போயிருக்கும், வியாதி கொறையுதுன்னு நெனச்சுட்டு இருக்கும்போது பேண்ட் இடுப்புல நிக்காது.

இதுக்கப்புறம் எழுதறது கக்கூஸ் விஷயம், மூஞ்ச சுளிக்கறவங்க ஒரு பேரா தாண்டிப் போங்க. எண்ணெய்ப் பசையோட, வெளிறிப்போய், அளவுக்கு மீறி நாத்தமா, தண்ணில மெதக்கும். ஒரு பக்கெட் ஊத்துனா போகாது, பீங்கான்ல ஒட்டிக்கும், மேல பாத்தா கொழம்பு பாத்திரம் ஊறப்போட்ட தண்ணில நிக்கற மாதிரி எண்ணெய் வட்டம் வட்டமா நிக்கும். கூடவே வயிறு உப்புசம், கடகடன்னு சத்தம், சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல ஓட்டம். இத வெக்கப்பட்டுகிட்டு யாரும் டாக்டர்கிட்ட சொல்றதில்ல, "மோஷன் சரியில்ல சார்"ன்னு முடிச்சுக்குவாங்க. எண்ணெய் நிக்குதுன்னு அந்த வார்த்தையவே சொல்லுங்க, டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.

எங்களுக்கு முதல்ல தெருமுனை மெடிக்கல்ல ஜீரண சிரப்தான் குடுத்தாங்க, பாட்டில் பாட்டிலா. கலரும் நல்லாதான் இருந்துச்சு, சீரக வாசன வேற. இந்த மாதிரி சிரப்புல பொதுவா இருக்கறது பூஞ்சைலருந்து எடுத்த டயஸ்டேஸ், கூட பெப்சின், கொழுப்ப கரைக்கற லைப்பேஸ் கெடையாது, இருந்தாலும் இந்த வியாதிக்கு காணாது. கல்யாண சாப்பாடு சாப்பிட்டு வயிறு டம்முனு இருக்கறவனுக்கு அது சரி. கணையம் போனவங்களுக்கு வேண்டியது பேன்க்ரியாட்டின், அதாவது கணையத்து என்சைமுங்க எல்லாம் சேந்தது, கடைல கிரியான் மாதிரி பேருல கேப்சூலா வரும். அட்டைல 10,000, 25,000, 40,000னு போட்டிருக்கறது மில்லிகிராம் இல்ல, லைப்பேஸ் யூனிட்.

உறுதி பண்ண ஒரு டெஸ்ட் இருக்கு, மலத்துல எலாஸ்டேஸ்னு கணையத்துலருந்து வர்ற இன்னொரு என்சைம் எவ்ளோ இருக்குன்னு பாப்பாங்க. 200க்கு கீழ இருந்தா சந்தேகம், 100க்கு கீழன்னா பத்தாக்குறை அதிகம்னு அர்த்தம். கேப்சூல் சாப்பிட்டுகிட்டு இருந்தாலும் இந்த டெஸ்ட் குடுக்கலாம், நிறுத்த வேணாம். ஆனா தண்ணியா போகும்போது சாம்பிள் குடுத்தா நம்பர் தப்பா கொறைச்சு காட்டும், கெட்டியா இருக்கற அன்னிக்கு குடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இது சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரையும் இல்ல, சாப்பிட்டு அர மணி நேரம் கழிச்சு போடறதும் இல்ல, சோத்தோட சேந்து உள்ள போகணும். கேப்சூல ஒருதரம் தொறந்து பாருங்க, உள்ள கசகசா மாதிரி பழுப்பு கலர்ல குட்டி குட்டி உருண்டைங்க இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் வயித்து ஆசிட்ல கரையாத பூச்சு. அந்த உருண்டைங்க சோத்தோட கலந்து, சோறு குடலுக்கு எறங்கும்போது கூடவே எறங்கி அங்க பூச்சு கரைஞ்சு வேலை பாக்கணும். முன்னாடியே முழுங்கிட்டா சோறு வர்றதுக்குள்ள அது போய் சேந்துடும், அப்பறமா முழுங்குனா சோறு போன பின்னாடி போகுது. அதனால முதல் வாய்க்கு ஒண்ணு, பாதி தட்டுல இன்னொண்ணு, எங்க வீட்ல இதான் நடக்குது.

எங்க அத்தைக்கு இது சுத்தமா புடிக்கல. "இன்னாம்மா இது, சோத்துக்கு நடுவுல யாராச்சும் மாத்திர துன்னுவாங்களா, துன்னு முடிச்சிட்டு போடச் சொல்லு." "அத்தை, இது மருந்து இல்ல, அவரு கணையத்துல ஊற வேண்டிய நீர கடைல வாங்கி ஊத்தறோம், அவ்ளோதான்." அப்பறம் அவங்களே தட்டு வைக்கும்போது பக்கத்துல மாத்திர டப்பாவயும் வைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அளவு? பெரியவங்களுக்கு பொதுவா பெரிய சாப்பாட்டுக்கு 40,000லருந்து 50,000 யூனிட், சின்ன தீனிக்கு அதுல பாதின்னு ஆரம்பிப்பாங்க, பத்தலன்னா டாக்டர் ஏத்துவாரு. 10,000 கேப்சூல் ஒண்ணு போட்டுகிட்டு "இந்த மாத்திரயே வேஸ்ட்டு"ன்னு சொல்றவங்கள நான் பாத்திருக்கேன், அது வேஸ்ட் இல்லீங்க, அளவு பத்தல. அதுக்குன்னு அள்ளிப் போடவும் கூடாது, உடம்பு எடைல ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டுக்குள்ளன்னு ஒரு வரம்பு சொல்லுவாங்க. நல்ல அளவு போட்டும் எண்ணெய் நிக்குதுன்னா சில சமயம் ஆசிட் காரணமா இருக்கலாம், அப்ப ஆசிட்ட கொறைக்கற பான்டோப்ரசோல் மாதிரி ஒண்ணு சேத்து குடுத்து பாப்பாங்க. மென்னு சாப்பிடாதீங்க, வாயி புண்ணாயிடும். முழுங்க முடியாதவங்க தொறந்து அந்த உருண்டைங்கள மசிச்ச ஆப்பிள்ல தூவி உடனே முழுங்கலாம், சூடான கஞ்சிலயோ பால்லயோ போடக்கூடாது. மறந்துட்டா அடுத்த வேளைக்கு பாத்துக்கலாம், ரெண்டா சேத்து போடறதுல பிரயோஜனம் இல்ல. அப்பறம், வலி போகும்னு நம்பி இத போடாதீங்க. வலிக்கு வேற வைத்தியம். "வலி போகல, நிறுத்திட்டேன்"னு சொல்லி எலும்பும் தோலுமா ஆனவங்க இருக்காங்க.

அடுத்தது எண்ணெய். நம்ம ஆளுங்க கணையம்னு கேட்டதும் எண்ணெய நிறுத்திடுவாங்க, ரசம் சோறும் இட்லியும்தான் வருஷக்கணக்கா. முன்னாடி டாக்டருங்களே அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப அத மாத்திட்டாங்க. ஏற்கனவே எடை போயிட்டு இருக்கற ஆளுக்கு கொழுப்பயும் புடுங்கிட்டா உடம்பு எத வச்சு தேறும்? சாதாரணமா சாப்பிடு, அதுக்கு ஏத்த மாதிரி கேப்சூல் போடுன்றதுதான் இப்ப வழக்கம். மூணு பெரிய வேளைக்கு பதிலா கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை பிரிச்சா சொகமா இருக்கும். ரொம்ப நார்ச்சத்து மட்டும் என்சைம் வேலைய கொஞ்சம் கெடுக்கும்னு சொல்றாங்க, அதனால கேவுரு களி இருக்கு, ஆனா முன்ன மாதிரி ரெண்டு உருண்ட இல்ல. குடியும் சிகரெட்டும் மட்டும் ஒரு சொட்டு ஒரு இழுப்பு கூட கூடாது, அதுல பேச்சே இல்ல.

ஆம்பூர்ல ஒரு கல்யாணத்துக்கு போனோம். பிரியாணி, கத்திரிக்கா பச்சடி, முடிவுல மக்கன் பேடா. சட்டைப் பையிலருந்து ஒண்ணு எடுத்து முதல் கவளத்தோட முழுங்குனாரு, பிரியாணி ரெண்டாவது தடவ வந்தப்ப இன்னொண்ணு, மக்கன் பேடா வந்ததும் என்னைய ஒரு பார்வ பாத்தாரு, பாதி துன்னுட்டு மீதிய என் தட்டுல வச்சிட்டாரு. அது என்சைமுக்காக இல்ல, சுகருக்காக. மறுநாள் வயிறு அமைதி.

சுகர் பத்தி சொல்லியே ஆகணும். கணையம் கெட்டு வர்ற சுகருக்கு டைப் 3சி (3c)ன்னு பேரு. இதுல இன்சுலினோட சேத்து சுகர ஏத்தற குளுககானும் கொறைஞ்சு போகும், அதனால திடீர்னு லோ ஆகி எந்திரிக்க முடியாம போற பயம் மத்த சுகர்காரங்கள விட ஜாஸ்தி. கேப்சூல் ஒழுங்கா போட ஆரம்பிச்சதும் சாப்பாடு உடம்புல ஒட்டும், சுகரும் ஏறலாம், பயந்து மாத்திரைய நிறுத்தாதீங்க, சுகர் மானி வச்சு பாத்து இன்சுலின் அளவ டாக்டர்கிட்ட சரி பண்ணிக்குங்க. சாப்பிடாம இன்சுலின் மட்டும் போடாதீங்க.

கொழுப்பு ஒட்டலன்னா கூட போக வேண்டிய ஏ, டி, ஈ, கே விட்டமினும் ஒட்டாது. இவ்ளோ வெயிலு அடிக்கற ஊர்ல டி கொறையுமான்னு நானும் சிரிச்சேன், ரிப்போர்ட்ல பாத்தா பாதாளத்துல இருக்கு. எலும்பு தேயும், அதுக்கு எலும்பு பலத்த அளக்கற டெக்சா ஸ்கேன் எடுக்க சொல்லுவாங்க, எடுங்க.

வெயில்னதும் ஞாபகம் வருது. இந்த கேப்சூல 25 டிகிரிக்கு கீழ வைக்கணும்னு அட்டைல போட்டிருக்கும். நம்ம ஊர்ல கத்திரி வெயில்ல 40 தாண்டும்போது பைக் டேங்க் கவர்லயும் காட்பாடி பஸ்ல ஜன்னலோரமும் வச்சுட்டு போனா உள்ள இருக்கற என்சைம் வீணாத்தான் போகும். வீட்ல ஈரம் படாத, கூலான எடத்துல வைங்க, வெளிய போகும்போது அன்னிக்கு வேண்டியத மட்டும் எடுத்துட்டு போங்க.

பேரணாம்பட்டுலருந்து வந்த ஒரு அக்கா தயங்கி தயங்கி கேட்டாங்க, இது எதுலருந்து எடுக்கறாங்கன்னு. ஆமா, பன்னியோட கணையத்துலருந்துதான். மாற்று இல்லாத நெலமைல மருந்தா எடுத்துக்கலாம்னு சொல்ற ஆலிம்கள், அதாவது இஸ்லாம் மார்க்கம் படிச்சவங்க, இருக்காங்க. சுத்த சைவக்காரங்களுக்கும் இதே கேள்விதான். உங்க பெரியவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் பேசி முடிவு பண்ணுங்க, மனசுல வச்சுகிட்டு சொல்லாம நிறுத்திடாதீங்க.

கடைசியா எல்லாரும் கேக்கறது டீக்கு போடணுமா. வரக்காப்பி, லெமன் டீ, ஒரு வாழப்பழம், இதுக்கெல்லாம் வேணாம். நம்ம ஊரு பால் டீ ஒரு டம்ளர் முழுசா, கூட ரெண்டு பஜ்ஜின்னா கண்டிப்பா சின்ன டோஸ் ஒண்ணு வேணும். அந்த நேரத்துல சூடான டீயோட கேப்சூல முழுங்காம, தனியா பச்சத் தண்ணியோட முழுங்கிட்டு அப்பறம் டீய குடிங்க.