அரிசி மணி அளவுக்கு உடைந்த உளி: ஃபிட்டர் தனித்தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஃபிட்டர் (உலோகத்தை அளவுக்கு அரத்தால் ஓட்டிப் பொருத்தும் வேலை) தேர்வு, தனித்தேர்வர், இரண்டாவது முயற்சி. செய்முறையில் 78 சதவீதம், பாஸ். முதல் முயற்சியில் இதே செய்முறையில் 52 வாங்கி விழுந்தேன். 60 வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எட்டு மதிப்பெண் எங்கே போனது என்று ஒரு வருடம் யோசித்திருக்கிறேன். என் உளியில்தான் போனது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். பகலில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். கொல்லு வேலை எங்கள் குடும்பத் தொழில் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், மாடு விற்றுப்போய் காலியாகக் கிடந்த தொழுவத்தில் ஓர் உலை போட்டேன். லாரி பிரேக் டிரம், அதற்குள் சிரட்டைக்கரி, கையால் சுற்றும் புளோயர், ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) எடை போட்டு வாங்கிய ஓர் இரும்புக் கட்டை. கட்டையை அயனி மரத்தின் அடிக்கட்டையில் பதித்ததும் பட்டடை ஆகிவிட்டது. முதலில் கொக்கி, அப்புறம் பிச்சாத்தி (சின்னக் கத்தி), அப்புறம் அம்மாவுக்கு ஒரு வெட்டுக்கத்தி. இரும்பு சிவந்து கைக்கு வழிவிடும் அந்த இரண்டு நிமிடத்துக்காக மட்டுமே வாரம் முழுவதும் காத்திருந்தேன். சான்றிதழ் வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று இருந்தது.

விழுந்த அந்த முதல் தேர்வு நாளைச் சொல்கிறேன். சொந்தக் கைக்கருவிகள் கொண்டுவரலாம் என்றார்கள். அரம், ஸ்கொயர், சுத்தியல் எல்லாம் கடையில் வாங்கியவை. தட்டை உளி மட்டும் நான் அடித்தது. லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தது. பார்க்க அழகாக இருந்தது, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. வைஸில் மைல்ட் ஸ்டீல் துண்டைக் கட்டி, கோடு போட்டு, செதுக்க ஆரம்பித்தேன். ஏழாவதோ எட்டாவதோ அடியில் சத்தம் மாறியது. முதலில் ணங் என்று கேட்டது, அப்புறம் டக் என்று. உளியைத் தூக்கிப் பார்த்தால் முனையின் வலது ஓரத்தில் ஓர் அரிசி மணி அளவுக்குக் காணவில்லை. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் சர்க்கரையைப் போலப் பொடிப்பொடியாக மின்னியது. கிரைண்டருக்கு வரிசை. நான் திரும்பி வரும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது. மிச்சத்தை அரத்தால் ஓட்டி ஓட்டி அளவைக் கோட்டைவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த ஒருவர் உளியை எடுத்துப் பார்த்து, “வீட்ல அடிச்சதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உடைந்த உளியோடு தக்கலைக்குப் போனேன். அங்கே எங்கள் நால்வருக்கும் (நான், கருங்கல் ஊர்த் தம்பி, திங்கள்நகர் அண்ணன், குலசேகரம் பையன்) பொதுவான ஓர் ஆசாரி மாமா இருக்கிறார். பட்டறையை மூடிவிட்டார், உலை மட்டும் அணையவில்லை. உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எதுல முக்கின?” “கிணத்து வெள்ளத்துல மாமா.” (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.) “இது லாரி பட்டையாக்கும் மக்ளே. வெள்ளத்துல முக்கினா பொட்டும். பதமும் எடுக்கல்ல, இல்லியா?”

எடுக்கவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. துவைச்சல் போட்டதும் (சிவந்த இரும்பை முக்கிக் கடினமாக்குவது) அரத்தை ஓட்டிப் பார்த்தேன், வழுக்கியது. கடினமாகிவிட்டது என்று நினைத்துப் பையில் போட்டுவிட்டேன். கடினமான இரும்பு கண்ணாடி மாதிரி. பதம் இறக்காத, அதாவது கொஞ்சம் சூடேற்றி அந்தக் கடினத்தைக் குறைக்காத உளி உளியே இல்லை. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நீங்கள் மறந்தாலும் எனக்குக் கவலையில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள்.

மாமா எனக்குக் காட்டியது இதுதான். முனையிலிருந்து இரண்டு அங்குலம் வரை செர்ரிச் சிவப்புக்குக் கொண்டுவர வேண்டும். காந்தத்தில் ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் சூடு ஏற்ற வேண்டும். இரும்பு காந்தத்தை விடுவது சுமார் 770 டிகிரியில், நமக்கு வேண்டியது அதற்கு மேலே. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டால் போதும். பிறகு முனையை முக்கால் அங்குலம் மட்டும் எண்ணெயில் நிறுத்தி, மேலும் கீழும் அசைக்க வேண்டும். அசைக்காமல் நிறுத்தினால் எண்ணெய் மட்டத்துக்கு நேராகக் கீறல் விழும். வெளியே எடுத்ததும் துடைத்துவிட்டு ஒரு செங்கல் துண்டால் உளியின் முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். இனி கண்ணை எடுக்கக் கூடாது. மேலே தங்கியிருக்கும் சூடு முனையை நோக்கி நகரும், நிறம் அதோடு ஓடிவரும். முதலில் வைக்கோல் நிறம், அது சுமார் 230 டிகிரி. அப்புறம் பழுப்பு. அப்புறம் கத்தரிப்பூ நிறம், 280 பக்கம். அந்த நிறம் முனையைத் தொட்டு நீலத்துக்குத் திரும்பும் நேரத்தில் மறுபடி முக்கிவிட வேண்டும். வைக்கோல் நிறத்திலிருந்து நீலம் வருவதற்கு மூச்சு இரண்டு முறை இழுக்கும் நேரம்தான். முதல் ஐந்து தடவை எனக்கு நீலம் தாண்டிப் போய்விட்டது. ஆறாவது தடவை மாமா ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

உளியின் தலைப்பக்கம் கடினமாகவே கூடாது. சுத்தியல் படும் இடம் கடினமானால் சில்லு கண்ணுக்குப் பறக்கும். தலை காளான் மாதிரி விரிந்தால் உடனே தேய்த்துவிடுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) இதையும் என்னிடம் கேட்டார்கள்.

இனி சில குறிப்புகள். ஒழுங்குபடுத்தவில்லை, நோட்டில் இருந்தபடியே தருகிறேன்.

– வெயிலில் உலை வேலை செய்யாதீர்கள். வெளிச்சத்தில் சிவப்பு மங்கலாகத் தெரியும், போதாது என்று நினைத்து இரும்பை எரித்துவிடுவோம். நான் இரண்டு பட்டை எரித்தேன். தென்னோலை கட்டி இருட்டாக்கிய மூலையே நல்லது.

– எண்ணெய்க்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் கழித்த எண்ணெய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேசாகச் சூடாக்கி முக்குங்கள், 50 டிகிரிக்குப் பக்கம். ஜில்லென்று இருந்தால் எண்ணெய் கெட்டியாக இருக்கும், வேகமாகச் சூட்டை இழுக்காது. வண்டியில் கழித்த எஞ்சின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். எண்ணெய் மூடியுள்ள இரும்பு வாளியில் இருக்கட்டும், மூடி பக்கத்திலேயே. தீப்பிடித்தால் மூடியைப் போட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

– கால்வனைஸ் பைப்பை உலையில் வைக்காதீர்கள். துத்தநாகப் புகையில் காய்ச்சல் வரும். கருங்கல் தம்பிக்கு ஓர் இரவு முழுவதும் நடுக்கம்.

– பருத்தி உடை. துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், முடியைக் கட்டுங்கள். பாலியஸ்டரில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும்.

– பழைய ஸ்பிரிங் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். ஸ்பிரிங் கட்டும் ஒர்க்‌ஷாப்பில் புதுப் பட்டையின் வெட்டுத்துண்டு கேட்டால் தருவார்கள்.

– இரும்பு மங்கலான சிவப்புக்கு இறங்கியதும் அடிப்பதை நிறுத்துங்கள். அடித்து முடித்த பிறகு மூன்று முறை சூடாக்கி, காற்றில் ஆறவிட்டு, அதன் பிறகே துவைச்சல்.

– கிரைண்டரில் முனை நீலமானால் எடுத்த பதம் போயிற்று. ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் நனையுங்கள்.

– உளிக்கோணம் (வெட்டும் உலோகத்துக்கு ஏற்ற முனைக்கோணம், டிகிரியில்): அலுமினியம் 30, செம்பு 45, பித்தளை 50, மைல்ட் ஸ்டீல் 55, வார்ப்பிரும்பு 60, உயர்கார்பன் எஃகு 65. இதை நான் மனப்பாடம் செய்யவில்லை. எல்லாக் கோணத்திலும் ஒவ்வொரு உளி அடித்துத் தொழுவச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் கேள்வி வந்தபோது சுவர்தான் கண்ணில் நின்றது.

கருத்தியலுக்கு நான் படித்தது இப்படித்தான். மாதிரி வினாத்தாள் நூறு போட வேண்டும் என்று சொல்வார்கள். நான் இருபதுகூடப் போடவில்லை. வெர்னியர் அளக்கும் மிகச் சிறிய அளவு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ., இரண்டும் கையில் பிடித்து நூறு முறை அளந்தால் தானாகவே வரும். திங்கள்நகர் அண்ணன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தன் மைக்ரோமீட்டர் ஒன்றை ஆறு மாதம் என்னிடமே விட்டுவைத்தார். தினமும் ராத்திரி ஒரு துண்டின் படத்தை அனுப்புவேன், அவர் அளவைக் கேட்பார், மறுநாள் கடைக்கு வரும் வழியில் துண்டை வாங்கிக்கொண்டு போய் அளந்து சரியா தப்பா என்று சொல்வார். அவருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை.

கொல்லு வேலைக்காரர்களுக்கு ஃபிட்டர் தேர்வில் ஒரு தொந்தரவு உண்டு. நமக்குக் கண்மதிப்பு பழக்கம். இரும்பு கொஞ்சம் வளைந்தால் இன்னொரு சூட்டில் நிமிர்த்திவிடலாம். அரத்தில் போனது போனதுதான். குலசேகரத்தில் டிப்ளமோ படிக்கும் பையன் எனக்கு மார்க்கிங் சொல்லிக்கொடுத்தான். “அக்கா, படத்தைப் பத்து நிமிஷம் பாருங்க, அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க” என்றான். இரண்டாவது தேர்வில் முதல் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து மேசையில் அரம் ஓடும் சத்தம் கேட்டது. பயமாகத்தான் இருந்தது.

இந்த முறை மூன்று உளி கொண்டுபோனேன். தேர்வுக்கு முந்தைய வாரம் முழுவதும் மூன்றையும் ஆக்கர் இரும்பில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது அடி எண்ணி, முனையை லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தேன். அன்றைக்கு முதல் உளியே கடைசி வரை நின்றது. மற்ற இரண்டும் துணிச்சுருளை விட்டு வெளியே வரவில்லை.

ரிசல்ட் வந்ததும் மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். “அந்தப் பழைய உளிய களையாத, என்ன?” என்றார். களையவில்லை. அந்த அரிசி மணி ஓட்டையோடு சுவரில் முதல் ஆணியில் தொங்குகிறது.

அடுத்த முறை கருங்கல் தம்பி எழுதுகிறான். ஸ்கூல் பஸ் ஓட்டி முடித்து ராத்திரிதான் அவனுக்கு நேரம், ராத்திரி சம்மட்டி அடித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்க முடியாது. அதனால் அடிக்கிற வேலை எல்லாம் ஞாயிறு எங்கள் தொழுவத்தில் என்று முடிவாகியிருக்கிறது. பட்டைத்துண்டு வாங்கி வைத்துவிட்டோம், கரி இரண்டு சாக்கு இருக்கிறது. சாளை மீன் அவன் கொண்டுவருகிறான், மரச்சீனிக் கிழங்கு வீட்டில் இருக்கிறது. மாமாவை அழைத்துவர அண்ணன் வண்டியோடு தக்கலைக்குப் போகிறார்.