கன்னத்தில் வைக்கும் துப்பாக்கி

ஜனவரி 12, ஞாயிறு
செஷின், போலந்து. ஓல்சா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் செக் நாடு; 1920இல் ஊரையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். குளிர் தாங்காமல் மியூசியத்துக்குள் ஒதுங்கினேன். 1802இல் தொடங்கியதாம்.

உள்ளே ஒரு வேட்டைத் துப்பாக்கி. பெயர் செஷின்கா, அதாவது ஊர்ப்பெயரேதான். ஜெர்மானியர் வாயில் அது 'சிங்கே' ஆகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு, பறவை வேட்டைக்கு. மெலிந்த கட்டை, மானின் பின்னங்கால் போல மடங்கி நிற்கிறது. தோளில் முட்டுக் கொடுக்க இடமே இல்லை. கன்னத்தில் வைத்துத்தான் சுடுவார்களாம். சின்னக் குண்டு, கொஞ்சம் வெடிமருந்து, உதை தாங்கும்போல.

ஜனவரி 19, ஞாயிறு
நோட்டும் பென்சிலுமாக மறுபடி போனேன். விசை அமைப்பை வரையவே ஒரு மணி நேரம். சாவி கொடுத்துச் சக்கரத்தை முறுக்க வேண்டும். குதிரை என்கிற இடுக்கியின் வாயில், உரசினால் பொறி தரும் பைரைட் கல். அதைச் சக்கரத்தின் மேல் சாய்த்து விசையை இழுத்தால், சக்கரம் சுழன்று கல்லில் உரசும்; பொறி மருந்துக் கிண்ணத்தில் விழும். சிகரெட் லைட்டரேதான். கனலும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய துப்பாக்கியில் கனலும் புகையும் வேட்டைக்காரனைக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

காவலுக்கு இருந்த அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணாடிமேல் விரலை வைத்தார். சக்கரத்தைச் சுழற்றும் பெரிய ஸ்பிரிங் வெளியே இருக்கிறது! நான் வழக்கம்போல உள்ளே இருப்பதாக நினைத்து விட்டுவிட்டேன். வெளியே வைத்ததால்தான் கட்டையை அதிகம் குடையாமல் இவ்வளவு மெலிதாக்க முடிந்திருக்கிறது. முட்புதரில் மாட்டாதா என்று கேட்கத் தோன்றியது. போலிஷ் வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி
வேலை. படம் பாதியில் கிடக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு
இன்று கட்டையில் சில்லுகள் பதித்திருக்கும் அலங்காரத்தை மட்டும் வரைந்தேன். மரத்தில் பள்ளம் எடுத்து, எலும்பும் கொம்பும் முத்துச்சிப்பியும் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். கொம்புச் சில்லில் ஊசிமுனையால் கீறி, கீறலில் கறுப்பு ஏற்றியிருக்கிறது. நாய் முயலைத் துரத்துகிறது. பக்கத்தில் ஒரு கலைமான். மானை வரைந்ததும் மான் கொம்பிலேயே. செதுக்கியவருக்கு இது உறைத்திருக்குமா?

அப்புறம் இன்னொன்று. விசையெல்லாம் வலப்பக்கம். நகாசு நெருக்கமாக இருப்பதோ இடப்பக்கம், கன்னம் படும் இடத்தில். குறி பார்க்கும்போது சுடுபவன் முகமே அதை மறைத்துவிடும். அப்படியானால் சுடாத நேரத்தில், விருந்தில் கைமாற்றிக் காட்டத்தான் இவ்வளவும் என்று எனக்குப் படுகிறது.

கட்டையின் முனையில் ஒரு சிப்பிச் சில்லு உதிர்ந்திருக்கிறது. பள்ளத்தின் ஆழம் நகக்கனம்கூட இல்லை. அடியில் பழுப்பாகக் காய்ந்த பசை. அதை வரைந்து முடித்தபோது மூடும் நேரம். அந்த அம்மா நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.