ஆறாம் வகுப்பில் காணாமல் போன ஜாமெட்ரி பாக்ஸ்

அரூரிலிருந்து திருநெல்வேலிக்கு முதுகலை குற்றவியல் படிக்கக் கிளம்பியபோது பெரியம்மா கேட்டார்: "முடிச்சா எஸ்.ஐ. ஆயிடுவியா?" அதற்கு வேறு பரீட்சை என்றேன். "அப்போ இதுல என்னதான் சொல்லித் தர்றாங்க?" என்றார். அன்று எனக்கும் பதில் தெரியவில்லை.

முதல் செமஸ்டரில் லொம்ப்ரோசோ. தாடையையும் மண்டையோட்டையும் அளந்து, குற்றவாளி பிறவியிலேயே அப்படித்தான் என்று 1876இல் எழுதியவர். அப்புறம் சதர்லாந்து. பெரிய பதவியில் இருப்பவர்கள் செய்யும் குற்றத்தை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று 1939இல் கேட்டார். இதெல்லாம் பரீட்சைக்குப் படித்தேன், அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் பாடத்தில் வந்த நாள் அப்படி இல்லை. 1963இல் அவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: ஒருவரை வழிதவறியவர் ஆக்குவது அவர் செய்த காரியம் மட்டுமல்ல; யார் விதி போடுகிறார்கள், அதை யார் மேல் பிரயோகிக்கிறார்கள் என்பதும்தான். லேபிலிங் தியரி, அதாவது முத்திரை குத்தும் கோட்பாடு என்போம். சார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கோ ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

2012. வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணோம். நாற்பது பைகள் இருந்தன. டீச்சர் ஒரே ஒரு பையைத்தான் கவிழ்த்தார். அது வாச்சாத்திப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணுடையது. ஓரம் கிழிந்த நோட்டு, நாலைந்து புளியங்காய், உப்பு மடித்த காகிதம், அவ்வளவும் தரையில் விழுந்தன. "கட்டை கடத்துற ஊருதானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாக்ஸ் மதியமே வேறு பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும்தான்.

அதற்கு முந்தைய வருடம், 2011 செப்டம்பர் 29இல்தான் தருமபுரி நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தவர்கள் வீடுகளைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள். தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துவிட, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. குற்றவாளி யார் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் எங்கள் வகுப்பில் கவிழ்ந்தது அவள் பைதான். இதை எந்தத் தியரி படித்தும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. ஹாஸ்டலில் செய்தியைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். யார் யாரையோ விசாரித்து அம்மா நம்பர் வாங்கிக் கொடுத்தார்.

ஆய்வேட்டுக்காக வாச்சாத்திக்குப் போகலாமே என்று சார் சொல்கிறார். போவேன். அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேச வேண்டும். ஆய்வைப் பற்றி அல்ல, அந்தப் பையைப் பற்றி.